இறைவன் படைப்பும் இளஞ்சிறாரும்

அல்லாஹ்வின் திருநாமம் போற்றியும், அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லியும் இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு வயதிலேயே மக்தபுக்கு வந்துவிடுகிறார்கள். அலிஃப், பே என்று தொடங்கி ஏழெட்டு வயதுக்குள் அம்ம ஜுஸ்உவின் சின்னச் சின்ன ஸூராக்களை மனனமாக ஓதிவிடுகிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு ஓதிக் காட்டச் சொல்லி உம்மாவும் வாப்பாவும் பூரித்துப் போகிறார்கள். அல்ஹம்து லில்லாஹ்! பூரிக்க வேண்டிய காரியந்தான்.

ஆனால் அந்தப் பிள்ளையின் நாவில் என்னென்ன ஏறியிருக்கின்றன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஸூரத்துல் ஃபீலில் யானையும் பறவைக் கூட்டமும் வருகின்றன. ஸூரத்துத் தீனில் அத்தியும் ஒலிவமும் வருகின்றன. ஸூரத்துஷ் ஷம்ஸில் சூரியன், சந்திரன், பகல், இரவு. ஸூரத்து அபஸவில் மழை நீரும், பிளக்கும் பூமியும், தானியமும், திராட்சையும், பேரீச்சையும். ஸூரத்துல் ஃகாஷியாவில் ஒட்டகமும், வானமும், மலையும், விரிந்த பூமியும். இவ்வளவையும் ஓதும் பிள்ளை, வீட்டுக் கொல்லையில் முளைக்கும் ஒரு பயற்றங் கன்றை நின்று பார்த்திருக்கிறதா? பார்க்க நாம் விட்டிருக்கிறோமா? அதைப் பற்றியே இந்தப் பாடம்.

என்னால் நேர்ந்த தவறு

பிறருக்குச் சொல்லுமுன் என் தவறை நான் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் மதரஸாவில் மிகச் சிறிய பிள்ளைகளின் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தீப்பெட்டி ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். ஓதும் நேரத்தில் அதைத் திறந்து பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டினான். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட ஒரு புழு. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. தீப்பெட்டியைப் பிடுங்கிச் சன்னல் வழியே வெளியே எறிந்தேன். அவனையும் கடிந்து பேசி மூலையில் நிறுத்தினேன்.

மூன்று நாட்கள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய உம்மா வாசலில் வந்து நின்று, "ஹஜ்ரத், புள்ள ஓதப் போகமாட்டேன்னு அழுவுறான். அவங்க வாப்பா வெளிநாட்டுல இருக்காங்க. நான் என்ன செய்யிறதுன்னு தெரியல" என்றார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அவனை மூலையில் நிறுத்திய அந்த நாளில் வகுப்பில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தது ஸூரத்துல் ஃகாஷியா! படைப்புகளை இவர்கள் பார்க்க வேண்டாமா என்று அல்லாஹ் கேட்கும் அந்த வசனங்களைப் பிள்ளைகளின் வாயில் ஏற்றிக்கொண்டே, பார்த்த பிள்ளையை நான் தண்டித்திருக்கிறேன். ஓசைக்கு ஆசிரியனாக இருந்தேனே ஒழிய, கருத்துக்கு ஆசிரியனாக இருக்கவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். "அந்தப் புழு எங்கே கிடைத்தது? எனக்குக் காட்டு" என்றேன். முதலில் அவன் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். பிறகு மெதுவாக வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு கபரஸ்தான் சுவரோரத்து எருக்கஞ்செடிக்கு அழைத்துச் சென்றான். அங்கே இன்னும் நாலைந்து புழுக்கள் இலையை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. எங்கள் மதரஸாவில் 'பார்க்கும் பாடம்' தொடங்கியது அந்தச் செடியடியில்தான்.

பார்க்கச் சொல்லும் மறை

திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களில் பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகிய ஆறின் பெயரால் ஆறு அத்தியாயங்கள் அமைந்துள்ளன. சிலந்தியும் எறும்பும் மனிதன் காலடியில் மிதிபடுகிற அற்பப் பிராணிகள். அவற்றின் பெயரைத் தன் வேதத்தின் அத்தியாயங்களுக்குச் சூட்டியவன் ரப்புல் ஆலமீன் என்றால், அவற்றைக் குனிந்து பார்ப்பது வீண் வேலையாகுமா?

ஸூரத்துல் அன்ஆமின் 95ஆம் வசனத்தில் வித்தையும் கொட்டையையும் பிளந்து முளைக்கச் செய்பவன் தானே என்று அல்லாஹ் கூறுகிறான். அதே அத்தியாயத்தின் 99ஆம் வசனத்தில் மழையையும் பயிரையும் கனிகளையும் எடுத்துச் சொல்லிவிட்டு, மரம் காய்க்கும் போதும் அது பழுக்கும் போதும் பாருங்கள் என்று ஏவுகிறான். இங்கே வந்துள்ள 'உன்ளுரூ' என்ற சொல் ஏவல் வினை. காயை ஒரு முறை, கனியை ஒரு முறை பார்க்கச் சொல்வதிலிருந்து, ஒரே பொருளை நாள் விட்டு நாள் திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டும் என்ற முறையும் நமக்குக் கிடைக்கிறது. இதைவிடச் சிறந்த பாட முறை வேறென்ன வேண்டும்?

அவ்வத்தியாயத்தின் 38ஆம் வசனம் பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கிறது. புழுவைக் கண்டால் "சீ!" என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு இந்த வசனத்தின் பொருளை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. ஓர் எறும்புச் சாரியின் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் தானே ஏறும்.

பெருமானார் (ஸல்) அவர்களும் சிறுவர்களும்

ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் தம்பியார் அபூ உமைர் சின்னப் பிள்ளை. அவர் 'நுஃகைர்' என்னும் சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடுவார். குருவி இறந்துபோயிற்று. பிள்ளை வாடியிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குருவி என்ன ஆயிற்று என்று பெயர் சொல்லி அழைத்துப் பரிவோடு விசாரித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). ஷாஃபிஈ மத்ஹபின் பழம்பெரும் அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரு ஹதீதிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். உலகுக்கெல்லாம் தூதராக வந்தவர்கள் ஒரு குழந்தையின் குருவிக்காக நின்று பேசினார்கள். நானோ ஒரு குழந்தையின் புழுவைச் சன்னல் வழியே எறிந்தேன்.

இன்னொரு நாள் தோழர்கள் சூழ்ந்திருக்கையில் பேரீச்சங் குருத்து கொண்டுவரப்பட்டது. அப்போது அண்ணலார், மரங்களில் ஒன்று முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எந்த மரம் என்று கேட்டார்கள். பெரியவர்கள் காட்டு மரங்களையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வயதில் சிறியவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்சைதான் என்று தோன்றியது. ஆனாலும் பெரியவர்கள் முன் பேச வெட்கப்பட்டு இருந்துவிட்டார்கள். பின்னர் தந்தையாரிடம் சொன்னபோது உமர் (ரலி) அவர்கள், நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றார்கள் (புகாரீ, முஸ்லிம்). பொருளைக் கண்முன் வைத்துக் கேள்வி கேட்பது நபிவழி. பிள்ளை வாய் திறந்து பதில் சொல்வதை விரும்புவது ஸஹாபாக்களின் வழி. நம் வகுப்புகளில் இரண்டுமே குறைந்துபோயின.

முதற்கனி பறித்து வந்தால் பெருமானார் பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, அதை அங்குள்ள மிகச் சிறிய பிள்ளைக்குக் கொடுப்பார்கள் (முஸ்லிம்). மழை பெய்தபோது தம் மேனியின் ஒரு பகுதியைத் திறந்து மழைத்துளி படும்படி நின்றார்கள். காரணம் கேட்டதற்கு, அது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்று விளக்கினார்கள் (முஸ்லிம்). தொட்டும் நனைந்தும் அறிவது எத்தனை உயர்ந்த அறிவு என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

"இது மேல்நாட்டுக் கல்வியல்லவா?"

இந்தப் பாடத்தைத் தொடங்கியபோது சில பெரியவர்கள் இப்படிக் கேட்டார்கள். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1840இல் தம் பாலர் பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்ற பொருளில் கிண்டர்கார்டன் எனப் பெயரிட்டு, பிள்ளைகளைச் செடி வளர்க்கச் செய்தது உண்மை. இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி 1939இல் நம் சென்னைக்கு வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்தியாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் உண்மை. நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ள மூமினுக்குத் தடையில்லை.

ஆயினும் இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஸ்பெயின் தேசத்து அறிஞர் இப்னு துஃபைல் (வஃபாத்து கி.பி. 1185) 'ஹய்யு இப்னு யக்ளான்' என்ற நூலை இயற்றினார்கள். தனித் தீவில் ஒரு மானால் வளர்க்கப்படும் சிறுவன், விலங்கையும் செடியையும் வானத்தையும் தானே கவனித்துக் கவனித்துப் படைத்தவன் ஒருவன் உண்டு என்று அறிந்துகொள்ளும் கதை அது. 1671இல் இலத்தீனிலும் 1708இல் அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் அதை மேல்நாட்டார் பெயர்த்துக்கொண்டார்கள். நாம்தான் அதை மறந்தோம்.

"ஓத அனுப்பினோமே தவிர விளையாட அனுப்பவில்லை" என்றும் ஒருவர் சொன்னார். அவருக்கு இமாம் ஃகஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'விலிருந்து பதில் சொன்னேன். மக்தபிலிருந்து திரும்பும் பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் பாடத்திலேயே வருத்தினால் பிள்ளையின் இதயம் மடிந்து அறிவு மழுங்கிவிடும். தப்பிக்கத் தந்திரம் தேடும் என்று இமாமவர்கள் எச்சரிக்கிறார்கள். மூன்று நாள் ஓத வராதிருந்த பிள்ளையைக் கண்ட எனக்கு அதன் உண்மை நன்றாகவே தெரியும்.

வியாழக்கிழமைப் பாடம்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். நாங்கள் வியாழக்கிழமை காலையை வைத்துக்கொண்டோம். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். செய்து பார்த்துப் பலன் கண்ட ஐந்து பாடங்களைக் கீழே தருகிறேன். மக்தபில் மட்டுமல்ல, அங்கன்வாடியிலும் வீட்டிலும் இவற்றைச் செய்யலாம். காசு செலவில்லை.

ஒன்று: எறும்பு. சுவரோரத்தில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சில நொய்யரிசியும் வையுங்கள். சாரி பிடித்து வரும்வரை பிள்ளைகள் காத்திருக்கட்டும். எறும்புக்கு எத்தனை கால் என்று எண்ணச் சொல்லுங்கள், ஆறு. பிறகு சாரியின் குறுக்கே தரையை விரலால் அழுத்தித் துடைத்து விடுங்கள். வந்துகொண்டிருந்த எறும்புகள் அந்த இடத்தில் திகைத்து நின்று சுற்றும். அவை ஒன்றன்பின் ஒன்றாய் வருவது, முன்னே போனது தரையில் இட்டுச் சென்ற வாசனையை முகர்ந்துதான். வாசனை அழிந்ததும் வழி தெரியவில்லை. பிள்ளைகள் இதைக் கண்டு வியந்திருக்கும் நேரத்தில், ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட எறும்பு தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகச் சொல்லி எச்சரித்த வரலாற்றைச் சொல்லுங்கள் (27:18). அதன்பின் அந்தப் பிள்ளைகள் எறும்பை மிதிக்கமாட்டார்கள்.

இரண்டு: விதை. அகலமான மண்சட்டி ஒன்றில் மண் நிரப்பி, வெந்தயம், கொத்தமல்லி, புளிச்சகீரை மூன்றையும் தனித்தனி வரிசையாகப் பிள்ளைகளின் கையாலேயே தூவச் சொல்லுங்கள். தினமும் ஒரே குவளைத் தண்ணீர். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் தலைகாட்டிவிடும். கொத்தமல்லிக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். "எங்க வரிசை செத்துப் போச்சா ஹஜ்ரத்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஸப்ரு என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல அதுவே தருணம். நன்கு வளர்ந்ததும் கழுவி ஒவ்வோர் இலையைக் கடிக்கக் கொடுங்கள். ஒன்று கசப்பு, ஒன்று மணம், ஒன்று புளிப்பு. மண் ஒன்று, நீர் ஒன்று, சுவை மூன்று! ஒரே நீர் பாய்ச்சப்பட்டும் ஒன்றைவிட ஒன்றைச் சுவையில் மேலாக்கியிருப்பதாக ஸூரத்துர் ரஅதின் 4ஆம் வசனம் சொல்வதைப் பிள்ளை நாக்கினாலேயே ஓதிவிடுகிறது.

மூன்று: புழுவும் வண்ணத்துப்பூச்சியும். எருக்கிலையில் வாழும் கோடு போட்ட புழுவை இலையோடு எடுத்து, வாய்ப்பக்கம் மெல்லிய துணி கட்டிய கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு; எனவே இலை பறிப்பது பெரியவர் வேலை. தினமும் புது இலை வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு தலைகீழாகத் தொங்கிக் கூடாகிவிடும். அதன்பின் சுமார் ஒரு வாரம் பத்து நாளில் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி வெளிவரும். சிறகு உலரும்வரை தொடாதிருந்து, பிறகு பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கப் பறக்க விட வேண்டும். எருக்கிலை வேண்டாதவர்கள் எலுமிச்சை, நாரத்தை இலைகளில் தேடலாம். முதலில் பறவை எச்சம்போலத் தோன்றிப் பின்னர் பச்சையாக மாறும் புழு அங்கே கிடைக்கும்.

ஒரு முறை எங்கள் கூடுகளில் ஒன்று கறுத்துப்போயிற்று. அதைத் துளைத்துக்கொண்டு சின்னஞ்சிறு குளவிகள் வெளிவந்தன. பிள்ளைகள் அழுதார்கள். "அல்லாஹ் ஏன் ஹஜ்ரத் அப்படிச் செஞ்சான்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. ஏதேனும் சமாதானம் புனைந்து சொல்ல எனக்கு நா எழவில்லை. "அந்தக் குளவிக்கும் அவன்தான் ரிஸ்கு கொடுக்கிறான், அவன் அறிந்ததை நாம் அறியமாட்டோம்" என்று மட்டும் சொன்னேன். ஆதம் (அலை) அவர்களின் மகனுக்குப் புதைக்கும் விதத்தைக் காகம் கற்றுக்கொடுத்த வரலாற்றைச் சொல்லி (5:31), அந்தக் கூட்டைச் செடியடியில் புதைத்தோம். அன்றைய பாடம் அதுவே. ஒவ்வொரு முறையும் வண்ணத்துப்பூச்சிதான் வர வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கக் கூடாது.

நான்கு: மழை. முதல் மழை நாளில் பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொல்லுங்கள். சுன்னத்தான காரியத்தைச் செய்கிறோம் என்று சொல்லிச் செய்யுங்கள். மறுநாள் மண்ணை முகரட்டும். காய்ந்து கிடந்த இடத்தில் எங்கெங்கே பச்சை தலைகாட்டுகிறது என்று தேடட்டும். வறண்ட பூமி நீர் பட்டுச் சிலிர்த்து வளர்வதை இறந்தோர் எழுப்பப்படுவதற்கு அத்தாட்சியாகக் குர்ஆன் காட்டுகிறது (41:39). மறுமையைப் பற்றிய முதல் பாடம் பயமுறுத்தலாக இல்லாமல், ஒரு புல் முளையாக இருக்கட்டுமே! மழைக்குப் பின் சிவப்புப் பட்டுப்பூச்சி கிடைத்தால் உள்ளங்கையில் ஊர விட்டுக் கால்களை எண்ணுங்கள். இதற்கு எட்டு. எறும்புக்கு ஆறு என்று எண்ணிய பிள்ளை உடனே வேறுபாட்டைக் கேட்கும்.

ஐந்து: பிறை. இது வீட்டுப்பாடம். மாதப் பிறப்பன்று மஃரிபுக்குப் பின் பெற்றோர் பிள்ளையை மாடிக்கு அழைத்துச் சென்று பிறை காட்டி துஆ ஓத வேண்டும். தொடர்ந்து பதினான்கு நாட்கள் காகிதத்தில் அதன் வடிவை வரையச் சொல்ல வேண்டும். ரமலான் பிறைக்கு மட்டும் வானத்தைப் பார்க்கும் வழக்கம் மாறும். இருட்டும் வேளையில் பிள்ளைகளைத் தனியே வெளியில் விடலாகாது என்பது நபிமொழி (புகாரீ, முஸ்லிம்). ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம்.

அறிய வேண்டிய சில சட்டங்கள்

உயிரினங்களைப் பிடித்து வைக்கலாமா? உணவும் நீரும் கொடுத்து, துன்புறுத்தாமல் வைத்திருந்தால் ஆகும் என்று அபூ உமைரின் ஹதீதைக் கொண்டே உலமாக்கள் கூறியுள்ளனர். ஆனால் பட்டினி போட்டு அடைத்தல் ஹராம். பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண் அதன் காரணமாக நரகம் புகுந்ததை நாயகம் அறிவித்துள்ளார்கள் (புகாரீ, முஸ்லிம்). எனவே பாடம் முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

கூட்டிலிருந்து குஞ்சு எடுத்தல் கூடாது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட அண்ணலார் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். எரிக்கப்பட்ட ஓர் எறும்புப் புற்றைக் கண்டு, நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இரட்சகனுக்கு மட்டுமே உண்டு என்றும் அப்பயணத்தில் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). எறும்பு, தேனீ, கொண்டலாத்திப் பறவை முதலியவற்றையும், தவளையையும் கொல்ல வேண்டாமென்று தடுத்துள்ளார்கள் (அபூதாவூத்). மழைக்காலத்தில் தவளை மீது கல்லெறியும் சிறுவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஓணான் விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். நம் ஊர்களில் சிறுவர்கள் ஓணானைச் சுருக்கு மாட்டி, கல்லால் அடித்து, வாலறுத்து வதைக்கிறார்கள். கேட்டால், "இது இப்ராஹீம் நபியின் நெருப்பை ஊதியது, அடித்தால் நன்மை" என்கிறார்கள். ஹதீதில் வந்திருப்பது 'வஸஃக்'. வீட்டுச் சுவரில் வாழும் பல்லியினத்தையே அச்சொல் குறிக்கும் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள், தோட்டத்து ஓணானையன்று. அந்த வஸஃக் விஷயத்திலும் முதல் அடியிலேயே முடிப்பதற்கு அதிக நன்மை என்று வந்திருப்பது, வதைக்கக் கூடாது என்பதையே காட்டுகிறது. உயிருள்ள ஒன்றைக் குறிவைத்து எறியும் இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளதை, கோழியைக் கட்டி வைத்து அம்பெய்த இளைஞர்களிடம் இப்னு உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள் (முஸ்லிம்). நன்மை என்று எண்ணிக்கொண்டு நம் பிள்ளைகள் சாபத்துக்குரிய செயலைச் செய்வதை இனியும் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

மண் பட்டால் அசுத்தமா? சுத்தமான மண் தயம்மும் செய்யத் தக்கது. பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாகவும் தூய்மை தருவதாகவும் ஆக்கப்பட்டுள்ளது (புகாரீ). மண் ஒட்டிய உடையால் தொழுகை கெடாது. கழுவுவது நாகரிகம், அவ்வளவே. பறவை எச்சத்தைப் பொறுத்தவரை ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸ். ஹனஃபீ மத்ஹபில் புறா, குருவி போன்ற உண்ணத்தகும் பறவைகளின் எச்சம் நஜீஸ் அன்று. கோழி, வாத்தின் எச்சம் நஜீஸ். அந்தந்த வீட்டார் தம் மத்ஹபுப்படி நடந்துகொள்க.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

அல்லாஹ்வின் அமானிதமான பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்பவர் கண்ணை எடுக்கலாகாது. குன்றிமணி பார்க்க அழகு. ஆனால் கடித்து விழுங்கினால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை ஆகியவையும் அப்படியே. இவற்றைத் தூரத்திலிருந்து காட்டிப் பெயர் சொல்லி, தொடக் கூடாதவை என்று கற்பிப்பதும் பாடமே. முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியின் ரோமம் பட்டால் அரிப்பெடுத்துத் தடிக்கும். பயறு, புளியங்கொட்டை போன்றவற்றைச் சின்னப் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கிணறு, குளம் உள்ள பக்கம் போகாதீர்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தின்பண்டம்.

ஆசிரியருக்கும் பெற்றோருக்கும்

இந்தப் பாடத்தில் ஆசிரியர் அதிகம் பேசக் கூடாது. இது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. பயான் செய்து பழகிய வாய் அல்லவா! பிள்ளை பார்க்கட்டும், தொடட்டும், கேட்கட்டும். கேட்ட பிறகு ஒரு வசனம், ஒரு ஹதீது, அவ்வளவு போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "வா, இருவரும் பார்ப்போம்" என்று சொல்லும் உஸ்தாதுக்கு மரியாதை குறையாது, கூடும்.

தாய்மார்களே! பிள்ளை சட்டைப் பையில் கல்லும் இலையும் கொண்டுவந்தால் உடனே அதட்டாதீர்கள். "இதில் என்ன கண்டாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளை ஓதிய ஸூராவை விருந்தாளிக்குக் காட்டி மகிழ்வதுபோல, அது நட்ட வெந்தயச் சட்டியையும் காட்டி மகிழுங்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ தின்றால் அது அவருக்கு ஸதக்காவாகிறது (புகாரீ, முஸ்லிம்). நாலு வயதுப் பிள்ளை நட்ட கீரையைக் குருவி கொத்தினாலும் வீணாகப் போனதாக எண்ணி வருந்தாதீர்கள்.

அன்று தீப்பெட்டியோடு வந்த சிறுவன் பிறகு ஓத வருவதை நிறுத்தவில்லை. அம்ம ஜுஸ்உ முழுவதும் என்னிடமே ஓதி முடித்தான். ஸூரத்துல் ஃகாஷியாவின் அந்த வசனங்கள் வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பான். நானும் அவனைப் பார்ப்பேன். நான் எறிந்த புழுவை அவன் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

யா அல்லாஹ்! உன் படைப்பைக் கண்டு உன்னை அறியும் கண்களை எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தருள்வாயாக! அவர்களுடைய ஆவலை எங்கள் அவசரத்தாலும் கோபத்தாலும் அணைத்துவிடாதவாறு எங்களைக் காப்பாயாக! அவர்களின் நாவில் உன் மறையையும், கரங்களில் உன் படைப்பின் மீது இரக்கத்தையும், உள்ளங்களில் உன் அன்பையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.